கடமை தெரியாத உயிர்கள்

விலங்குகளுக்கு உரிமை உண்டா என்று பேசிய சனிக்கிழமை கூட்டத்தில் கைதட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேசியவருக்காக இல்லை, அவர் எப்படியும் படிக்க மாட்டார். "கடமை என்றால் என்னவென்றே தெரியாத உயிருக்கு உரிமை எதற்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்தினாரே, அப்போது எழுந்த கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதில் கேள்வி கேட்க எழுந்த என்னை, "உணர்ச்சிவசப்படாதீங்க" என்று உட்கார வைத்ததையும் காணொளியில் பார்த்திருப்பீர்கள்.

சரி, உணர்ச்சியே இல்லாமல் பேசுவோம்.

இது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்கத் தத்துவவாதி கார்ல் கோஹன் 1986-இல் ஒரு மருத்துவ இதழில் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார்: அறநெறிக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களிடையேதான் உரிமை என்ற பேச்சுக்கே இடம், விலங்குக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் விலங்குகளைக் கொடுமைப்படுத்தாமல் நடத்தும் கடமை நமக்கு உண்டு என்பதை அவர்கூட மறுக்கவில்லை. மேடைக்கு வரும் வழியில் அந்தப் பாதி தொலைந்துவிட்டது போல.

கடமை தெரியாதவருக்கு உரிமை இல்லை என்றால், கைக்குழந்தைக்கு? என் அப்பாவுக்கு? கடைசிக் காலத்தில் மறதி நோய் அவரை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. நான் யாரென்று தெரியாது. வாக்கு, நன்றி, கடன் எதுவும் அவருக்குள் மிஞ்சவில்லை. ஊசி போட வந்தால் மட்டும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வார். அந்த நிலையில் ஒருவர் அவரைக் கிள்ளியிருந்தால் அது ஏன் தவறு? எனக்கு மனம் நோகும் என்பதாலா, அவருக்கு வலிக்கும் என்பதாலா?

"அவர் மனித இனம், அது போதும்" என்பார்கள். கோஹனின் பதிலும் அதுதான். அப்படியானால் கடமை, பகுத்தறிவு எல்லாம் வெறும் அலங்காரம், கடைசியில் பார்ப்பது பிறப்பைத்தானே? பிறப்பை வைத்து மதிப்பை முடிவு செய்யாதே என்று மற்ற எல்லா மேடையிலும் முழங்குகிறவர்கள் இங்கே மட்டும் ஏன் கைதட்டுகிறார்கள்?

1789-லேயே ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் ஓர் அடிக்குறிப்பில் கேட்டுவிட்டார்: விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல கேள்வி, துன்பப்பட முடியுமா என்பதே. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் வேறு வழி. விலங்கிடம் கொடுமை செய்பவன் மனிதரிடமும் கொடூரமாவான், அதனால் கூடாது என்றார். அதாவது நாய்க்கு விழுந்த அடியில் கெட்டுப்போனது அடித்தவனின் குணம் மட்டும்! நல்லவேளை, காண்டிலிருந்தே தொடங்கிய இன்றைய தத்துவவாதி கிறிஸ்டீன் கோர்ஸ்கார்ட், விலங்குகளுக்கு நேரடியாகவே நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற முடிவுக்கு வந்தார். பிரிட்டன் 2022-இல் நண்டையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டத்தில் சேர்த்தது. நண்டு என்ன கடமையைச் செய்தது என்று கேட்டா சேர்த்தார்கள்?

இனி வழக்கமான பின்னூட்டங்கள். "சிங்கம் மானைக் கொல்லவில்லையா?" ஐயா, சிங்கத்துக்குக் கடமை தெரியாது என்று சொன்னதே நீங்கள்தான். ஆறறிவு என்று பெருமை பேசிவிட்டு, நடத்தைக்கு மட்டும் சிங்கத்திடம் பாடம் கேட்பானேன்? "செடிக்கும் வலிக்குமே?" செடிக்கு நரம்பு மண்டலம் இல்லை. இல்லை, வலிக்கும்தான் என்று அடம்பிடித்தால், இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தீவனமாகப் போகும் செடிகளுக்காகவும் கொஞ்சம் அழுங்கள்.

விலங்குகள் மீது நடக்கும் மருந்துச் சோதனை கடினமான கேள்விதான். விளைவுகளை எடைபோடும் தத்துவவாதி பீட்டர் சிங்கர் சில சோதனைகளுக்கு இடம் விடுவார். பிறருடைய நன்மைக்காக ஓர் உயிரை வெறும் கருவியாக்கவே கூடாது என்று 1983-இல் எழுதிய தத்துவவாதி டாம் ரீகன் விடமாட்டார். நான் சிங்கர் பக்கம் சாய்கிறேன். ஆனால் அவருக்கும் கடமை ஓர் அளவுகோல் இல்லை, கவனியுங்கள்.

"மனிதர்களே அல்லாடும்போது மாட்டுக்கும் கோழிக்கும் என்ன?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிமை வணிகத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ், 1824-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். இரண்டுக்கும் அவருக்கு நேரம் இருந்தது. மனிதர், மனிதர் என்று இப்போது உருகும் அந்த நண்பருக்கு, அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த அத்தனை மாதங்களில் ஒருமுறை வந்து எட்டிப்பார்க்க நேரமில்லை. இதை இங்கே எழுதியிருக்கக் கூடாதுதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.