சொன்னவளுக்கு ஒரு பிரதி

அந்தப் போட்டோவை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து, எங்கள் ஊர்ப் பெண்களிடம் அவர்களுக்கு நடந்த வன்முறையைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு போனதே, அந்தக் கூட்டத்தில் எடுத்தது. நானும் அதில்தான் இருக்கிறேன். இடது ஓரம், மஞ்சள் துப்பட்டா, வாயைத் திறந்தபடி. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒரு கோஷ்டி எனக்கு 'டாலர் அக்கா' என்று பேர் வைத்துவிட்டது. மறுநாள் நான் எழுதிய இரண்டு வரியை வைத்து இன்னொரு கோஷ்டி 'நன்றி கெட்டவள்' என்கிறது. இரண்டு கோஷ்டியிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அடுத்த கல்யாணத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

டாலர் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு டீ, ஒரு உளுந்த வடை, போக வர நூற்றைம்பது ரூபாய். அதிலும் மழை என்று சொல்லி ஆட்டோக்கார அண்ணன் முப்பது ரூபாய் கூட வாங்கிக்கொண்டார். வருமான வரித்துறை தாராளமாக வரலாம்.

சரி, அந்த இரண்டு வரி. படிக்காமலே திட்டுகிறவர்களுக்காக மறுபடி போடுகிறேன்: "கேட்டுப் போனவர்கள், என்ன எழுதினோம் என்று திரும்ப வந்து சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டும்." அவ்வளவுதான். வராதே என்று சொன்னேனா? அவர்கள் கெட்டவர்கள் என்றேனா? யாரிடம் கேட்டாயோ அவளிடம் வந்து சொல் என்றேன். கடனாக அரிசி வாங்கினால்கூடத் திருப்பிக் கொடுக்கிறோம் இல்லையா.

'வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே என்ன வேலை' என்கிற தம்பிகளுக்கு. வந்தவர்கள் ஐ.நா. கிடையாது. ஒரு மனித உரிமை அமைப்பின் ஆட்கள் மூன்று பேர். எந்த அமைப்பு என்று நான் எழுதப்போவதில்லை, கமெண்டிலும் வேண்டாம். ஐ.நா. நிபுணர்கள் நினைத்த நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது, அரசு அழைக்க வேண்டும். அந்த அழைப்பை 2011-லேயே நிரந்தரமாகக் கொடுத்து வைத்திருப்பது நம் இந்திய அரசுதான். அதன்படி, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரஷீதா மஞ்சூ 2013 ஏப்ரல் கடைசியில் வந்தார். தில்லி மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். தில்லி, ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரா, மணிப்பூர் என்று சுற்றினார். தமிழ்நாட்டுக்கு வரவில்லை. நம் பெண்கள்தான் பயணப்பட்டுப் போய் அவரிடம் சொன்னார்கள். கருவிலிருந்து கல்லறை வரை இந்த வன்முறை தொடர்கிறது என்று அவர் சொன்னார். அடுத்த வருஷம் ஜூனில் ஜெனீவாவில் அறிக்கை வைத்தார். அரசுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை. இந்தச் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு ஐ.நா. சம்பளமே கொடுப்பதில்லை, டாலர் தம்பிகள் கவனிக்கவும்.

அந்தப் பதவி 1994-ல் உண்டானது. அதில் முதலில் உட்கார்ந்தவர் ராதிகா குமாரசுவாமி, நம் கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கைத் தமிழச்சி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களை, ஐம்பது வருஷம் கழித்து, அவர்கள் பாட்டிகளான பிறகு, 1995-ல் கொரியாவுக்கே போய்ச் சந்தித்தார். ஜப்பான் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்று 1996-ல் எழுதினார். 2014-ல் ஜப்பான் அரசு அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டது. முடியாது என்றுவிட்டார். வெறும் காகிதம் என்றால் பதினெட்டு வருஷம் கழித்து ஒரு அரசாங்கம் எதற்கு அதைப் பிடித்துத் தொங்க வேண்டும்? அதனால் வந்து கேட்பதே வீண் என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். வரட்டும். நூறு பேர் வரட்டும். வந்தவர்கள் திரும்பவும் வரட்டும் என்பதுதான் என் பேச்சு.

இப்போது நன்றி கோஷ்டி. உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், நீங்கள் என் ஆட்கள் என்பதால்.

சனிக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். பதினெட்டுப் பெண்கள். பாதிப்பேர் கடலில் பாசி எடுக்கிறவர்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு நாளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். காலையில் பத்து மணி என்றார்கள், வேன் வந்தது பன்னிரண்டே காலுக்கு. மைக் வைத்திருந்தார்கள். மைக்! மதினி தன் புருஷனைப் பற்றிச் சொல்வதை வாசலில் நிற்கிற கொழுந்தன் கேட்க வேண்டும் என்று யார் நேர்ந்துகொண்டது? நான் சொல்லி மைக்கை எடுத்தார்கள். ஆண்களை வெளியே போகச் சொன்னால், டீ கொடுக்கிற பையனும் போட்டோ எடுக்கிற அண்ணனும் மட்டும் இருக்கட்டும் என்றார்கள்.

அந்த அண்ணன் எடுத்ததுதான் இன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் எடுக்கவில்லை, போடவும் இல்லை. நம் ஆள் போட்டது, 'வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வு' என்று தலைப்புக் கொடுத்து. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் இன்னார் என்று தெரியும்படி வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 228ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 72. 'யார் என்ன சொன்னார்கள் என்று போட்டோவில் இல்லையே' என்று ஒரு வக்கீல் அண்ணன் எனக்கு விளக்கம் கொடுத்தார். சட்டப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஊர் சட்டப் புத்தகத்தைப் பார்த்தா பேசும்? மீதியை ஊர் நிரப்பிக்கொள்ளும் அண்ணே. முந்தாநாள் இரவே நிரப்ப ஆரம்பித்தாகிவிட்டது.

மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து அறுக்கிறது. ஒரு அக்கா சொன்னார், "கையப் புடிச்சு இழுத்தான்மா." நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அவசரத்தில் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த பெண் கையைப் பிடித்ததாக எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கை வலித்ததா என்று கேட்காத குறை. குறுக்கிட்டு விளக்கினேன். விளக்கும்போது எனக்கே வாய் கூசியது. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார். பாறையில் பாசி பிடுங்கிப் பிடுங்கி வெட்டுப்பட்ட விரல். இன்னொரு அம்மாவிடம், வீட்டுக்காரர் அடிப்பாரா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லத்தா, குடிச்சா மட்டுந்தேன்" என்றார். 'இல்லை' மட்டும் நோட்டில் ஏறியது. மீதியை நான்தான் பிடித்துத் தள்ளி ஏற்றினேன்.

நான் ட்யூஷன் எடுக்கிறவள். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் இல்லை. எத்தனை சொல்லைத் தவறவிட்டேனோ, எத்தனையைக் கூச்சத்தில் மழுப்பினேனோ. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எழுதியதைக் கொண்டுவந்து அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். 'இல்லத்தா, நான் அப்படிச் சொல்லலை' என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா?

'பாவம், அவர்கள் எத்தனை ஊருக்குத்தான் திரும்ப வருவார்கள்' என்று கேட்கிறீர்கள். நியாயம். வர வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும். எங்கள் அம்மாமார் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். ஐ.நா. அறிக்கை ஆறு மொழியில் வருமாம். ஆறில் தமிழ் இல்லை.

இது ஏதோ நான் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. 2022-ல் முராத் நெறிமுறை என்று ஒன்று வந்தது. நோபல் பரிசு வாங்கிய, ஈராக்கின் யாசிதி இனப் பெண் நதியா முராத்தின் பேரில். பாதிக்கப்பட்டவளிடம் போவதற்கு முன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டுமா என்று யோசி, அவளுடைய பாதுகாப்பை முதலில் பார், முடியாததை முடியும் என்று சொல்லாதே என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அது போர் நடக்கும் இடங்களுக்காக எழுதியது என்பீர்கள். நம் ஊரில் போர் இல்லை என்று நினைக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை வந்து நின்று பார்க்கலாம். போரிலிருந்து தப்பி வந்தவர்களும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில். அங்கே இருக்கிற அக்காமாரிடம் கேளுங்கள், எத்தனை பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், அதில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று.

'இப்படி எழுதினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்' என்று ஒருவர் போட்டிருக்கிறார், கீழே முப்பது லைக். அதாவது வருகிறவர் மனம் கோணக்கூடாது. சொல்கிறவள் மனம் எப்படிப் போனால் என்ன. விருந்தாளி முன்னால் அழுகிற பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டு போகிற புத்தி இது. நம் ஊரில் பாக் நீரிணையைப் 'பெண் கடல்' என்பார்கள், மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்பார்கள். அடங்கிக் கிடப்பதற்குப் பெண் பேர். வைத்தவர்கள் விவரமானவர்கள்தான்.

என் சித்தி கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியுமா என்று பார்க்கிறேன். சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு வந்தது. வேறு குழு. பூவரச மரத்தடியில் பாய் விரித்து, சித்தியை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பதிவு செய்தார்கள். தீவுப் பக்கம் பாசிக்குப் போனபோது நடந்தது. அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. 'உங்கள் குரல் உலகத்துக்குக் கேட்கும்' என்றார்கள். உலகத்துக்குக் கேட்டதோ இல்லையோ, மூன்று மாதத்தில் எங்கள் தெருவுக்குக் கேட்டுவிட்டது. எப்படி என்று இன்றுவரை தெரியாது. சித்தப்பா ஒரு வருஷம் பேசவில்லை. பாசி வியாபாரி முன்பணம் கொடுப்பதை நிறுத்தினார். சாட்சி சொன்னவர்களைப் பழிவாங்குவது பற்றி ஐ.நா. வருஷா வருஷம் தனியாக அறிக்கையே போடுகிறது, அதில் பெரிய பெரிய சங்கதியெல்லாம் இருக்கும். முன்பணம் நின்றுபோனது எந்த அறிக்கையில் வரும்?

அந்தக் குழு திரும்பி வரவே இல்லை. போன வருஷம் இணையத்தில் வேறு எதையோ தேடும்போது நானாகத்தான் அந்த அறிக்கையைக் கண்டுபிடித்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் சித்தி இரண்டு வரி. 'நாற்பது வயது மீனவப் பெண் ஒருவர்' என்று ஆரம்பிக்கிறது. இரண்டு மணி நேரம், இரண்டு வரி. அழுகையாக வந்தது. வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்து, அப்புறம் காட்டினேன்.

சித்தி கேட்ட முதல் கேள்வி: "நாப்பதா போட்டுருக்காக? அப்ப எனக்கு முப்பத்தஞ்சுகூட ஆகலையே." இரண்டாவது, "மீனவப் பெண்ணுன்னா மீனு புடிக்கிறவளா? பாசின்னு போட ஒரு எழுத்தா கூடப் போகுது?" மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு, அதை அச்செடுத்துத் தரச் சொன்னார். ஆங்கிலத்தில் இருக்கே சித்தி என்றேன். "இருக்கட்டும், எம் பேச்சுதான" என்றார். ரேஷன் கார்டோடு மடித்து டப்பாவில் வைத்திருக்கிறார்.

இதைத்தான் கேட்கிறேன். அந்த ஒரு தாளை. அதற்குத்தான் எனக்கு நன்றி கெட்டவள் பட்டம்.

வெளியாட்களை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது, தெரியும். பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும், கூலி வேலை செய்கிறவர்களும் அங்கே போகலாம். இது எனக்கே சனிக்கிழமை அந்தக் குழுவில் வந்த பெண் சொல்லித்தான் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெண்கள் தினத்துக்குக் கோலப்போட்டி நடத்துகிறோம், இதை ஒருவர் சொன்னதில்லை. 2022 மே மாதம் பாசிக்குப் போன இடத்தில் கொல்லப்பட்ட அந்த அக்காவைப் பற்றி அன்று எழுதாதவர் இல்லை. நானும் எழுதினேன். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் எத்தனை தடவை போனேன் என்று என்னை யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? கேட்டுவிட்டுத் திரும்பிப் போகாதவர்கள் பட்டியலில் என் பேரும் உண்டு. எழுத உட்கார்ந்தபோது இது மனசில் இல்லை. எழுதும்போதுதான் வருகிறது.

சனிக்கிழமை சித்தியும் வந்திருந்தார், தன் மதினிக்குத் துணையாக. பேசவில்லை. முடிந்து எல்லாரும் எழுந்தபோது என் கையைப் பிடித்து, "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு. போன தடவ வந்தவுக வயசத் தப்பாப் போட்டுட்டாக. இவுகளுக்காவது சரியாப் போடச் சொல்லு" என்றார். நான் திரும்புவதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அப்புறம் வேன் கிளம்பிவிட்டது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெயில் அனுப்பியிருக்கிறேன், வந்த எல்லாருடைய வயதையும் அவர்களிடமே கேட்டுச் சேர்த்து. பதில் வந்தால் இங்கே போடுகிறேன். கமெண்டில் அந்தப் போட்டோவைப் போடுகிறவர்களை, சொந்தக்காரர் என்றாலும், பிளாக் செய்துவிடுவேன்.