ஜெனரல் எல்லாரும் தளபதியா?

நம் செய்திகளில் ராணுவச் சீருடையில் யார் வந்தாலும் 'தளபதி'தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜெனரல் என்பது தகுதிநிலை, அதாவது ரேங்க். தளபதி என்பது ஒரு படையைக் கையில் வைத்து நடத்துபவரின் பொறுப்பு. டெல்லி தலைமையகத்தில் கோப்பு பார்க்கும் மேஜர் ஜெனரலுக்குக் கீழே படையே இருக்காது. அதே ரேங்கில் எல்லையில் டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவை நடத்துபவர் தளபதி. அதைவிடச் சிறிய படைப்பிரிவான பிரிகேடை நடத்தும் பிரிகேடியரும் தளபதிதான், ஆனால் இந்திய ராணுவத்தில் அவர் ஜெனரல் இல்லை. அமெரிக்காவில் அதே நிலைக்கு 'பிரிகேடியர் ஜெனரல்' என்று பெயர். அங்கிருந்து வரும் செய்தியைப் பார்த்து இங்கேயும் ஒட்டிவிடுகிறார்கள்.

படம் கிடைத்தால் தோள்பட்டையைப் பாருங்கள். குறுக்காக வைத்த வாளும் கோலும் இருந்தால் ஜெனரல் வகை. கூடவே ஒரு நட்சத்திரம் மட்டும் என்றால் மேஜர் ஜெனரல், சிங்கமுகச் சின்னம் மட்டும் என்றால் லெப்டினன்ட் ஜெனரல், இரண்டும் இருந்தால் முழு ஜெனரல். வாள் இல்லாமல் சிங்கச் சின்னமும் மூன்று நட்சத்திரங்களும் என்றால் பிரிகேடியர்.

சரி, லெப்டினன்டைவிட மேஜர் பெரியவர். பிறகு மேஜர் ஜெனரல் மட்டும் ஏன் லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழே? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். மொத்தப் படைக்கும் தலைவர் 'கேப்டன் ஜெனரல்'. அதில் ஜெனரல் என்பது 'மொத்தத்துக்கும்' என்ற வெறும் அடைமொழி, அட்டர்னி ஜெனரலில் வருவதைப் போல. அவர் இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட் ஜெனரல். மூன்றாமவர் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். இந்தப் பெயரிலிருந்து 'சார்ஜன்ட்' உதிர்ந்து மேஜர் ஜெனரல் ஆனது. முதல் பெயரில் 'கேப்டன்' உதிர்ந்து அடைமொழியே ரேங்காகிவிட்டது. கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர் என்ற ரெஜிமென்ட் வரிசையும் இதே அச்சுதான். மேஜருக்குக் கீழே இருக்கும் லெப்டினன்ட் வேறு ஆள், கம்பெனி என்ற சிறு படைப்பிரிவை நடத்தும் கேப்டனின் துணை.

கடற்படையில் இன்னொரு பொறி: அங்கே கேப்டன் என்றால் ராணுவக் கர்னலுக்குச் சமம். கமாண்டர் என்பதும் ரேங்க்தான், லெப்டினன்ட் கர்னலுக்குச் சமம். விமானப்படையின் விங் கமாண்டரும் அப்படியே. 2019இல் பாகிஸ்தான் பிடித்துவைத்த அபிநந்தன் விங் கமாண்டராக இருந்தார். அதை வைத்து அவரைப் படைத்தளபதி என்று எழுத முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது, சிடிஎஸ் (சீஃப் ஆஃப் டிஃபன்ஸ் ஸ்டாஃப்) என்ற பதவிக்குச் சொல்லும் 'முப்படைத் தலைமைத் தளபதி'. 2021 டிசம்பரில் குன்னூர் விபத்தில் ஜெனரல் பிபின் ராவத் இறந்தபோது நம் ஊடகமெங்கும் இதுதான். 2019 டிசம்பரில் அந்தப் பதவியை உருவாக்கியபோதே, அதில் இருப்பவருக்கு மூன்று படைத் தலைவர்கள் உட்பட யார் மீதும் ராணுவக் கட்டளை அதிகாரம் இருக்காது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. முப்படைகளின் உச்சத் தலைமை அரசமைப்பின் 53(2)ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம். படைத் தலைவர்களுக்கு இருந்த கமாண்டர் இன் சீஃப் என்ற பட்டத்தையே 1955இல் எடுத்தாயிற்று. தரைப்படைத் தலைவரைத் தலைமைத் தளபதி என்பதில் தவறில்லை, அவரிடம் படை இருக்கிறது. சிடிஎஸ் பதவிக்கு நல்ல தமிழ்ப் பெயர் அமையும்வரை சிடிஎஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே.