விபத்துக்கு முன்பே கூடும் விசாரணைக் குழு

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இயங்கிவந்த லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். எம்ஆர்டி ரயிலின் சுரங்கப்பாதை வேலைக்காக அப்போது இங்கே இருந்த வெளிநாட்டு வல்லுநர்கள், இடிபாடுகளுக்குள் வழி குடைந்து மீட்புப் படையினருக்குக் கைகொடுத்தார்கள். மாடியில் இருந்த குளிரூட்டி இயந்திரங்கள், வங்கியின் பெட்டக அறை, சுவர்களில் பதித்த ஓடுகள் எனப் பலவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. விசாரணைக் குழு கண்டறிந்த அடிப்படைக் காரணமோ வேறு: கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1971இல் அந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே தவறு தாளில் இருந்திருக்கிறது.

அந்த விசாரணையின் பயனாக 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒருவர் வரைந்த கட்டமைப்பை, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு தகுதிபெற்ற பொறியாளர் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும், குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் இன்று நமக்கு இயல்பானவையாகிவிட்டன. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில், வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளத்தின் தாங்குசுவர் சரிந்து நால்வர் உயிரிழந்தபோதும் இதேதான் நடந்தது. களிமண்ணின் வலிமையை மிகையாக மதிப்பிட்டது, எஃகுத் தாங்கிகளின் இணைப்புகளைப் பலம் குறைவாக வடிவமைத்தது, அளவுக் கருவிகள் முன்கூட்டியே காட்டிய அறிகுறிகளுக்குச் செவிசாய்க்காதது ஆகியவற்றை ஒரு குழு பொறுமையாக எடுத்துச் சொன்னது. அதற்குப் பிறகு ஆழமான தோண்டல் பணிகளுக்கான விதிகள் இறுகின.

இவ்விரு விசாரணைகள் மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது. பல துறைகளின் வல்லுநர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, எந்த நிறுவனத்தின் முகத்துக்கும் அஞ்சாமல் உண்மையைத் தேடி, கண்டதை முழுமையாக வெளியிடும் வாய்ப்பு நமக்குப் பெரும்பாலும் உயிர்கள் போன பிறகே கிடைக்கிறது. தேசியப் பொறியியல் அகாடமி என்ற அமைப்பின் தேவையை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். என் பார்வையில் அது, விபத்துக்கு முன்பே கூடும் விசாரணைக் குழு.

அகாடமி என்றதும் நம்மில் பலருக்குப் பொன்னாடையும் பட்டயமும் விருந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. சாதித்த பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிப்பதும் அதன் பணிகளில் ஒன்றுதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இத்தகைய அமைப்புகள் தோன்றிய சூழல்களைப் பார்த்தால், பாராட்டு விழா நடத்துவதற்காக அவற்றை யாரும் தொடங்கவில்லை என்பது விளங்கும். உலகின் மிகப் பழைய பொறியியல் அகாடமி சுவீடனுடையது, 1919இல் தொடங்கப்பட்டது. முதல் உலகப்போரால் நிலக்கரி இறக்குமதி தடைபட்டு, சொந்த எரிபொருள் வளம் குறைந்த அந்த நாடு திண்டாடிய காலம் அது. அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாடமி பிறந்தது 1964இல்தான் என்றாலும், அதன் தாய் அமைப்பான தேசிய அறிவியல் அகாடமியை உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் உருவாக்கியது. இரும்பு பூண்ட போர்க்கப்பல்களில் திசைகாட்டி தடுமாறுவதை எப்படிச் சரிசெய்வது என்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. பிரிட்டனில் 1976, இந்தியாவிலும் ஜப்பானிலும் 1987, சீனாவில் 1994, தென்கொரியாவில் 1995 என்று மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன.

அந்த 1863ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்னைக் கவர்ந்த ஒரு விதி உண்டு. அரசின் எந்தத் துறை கேட்டாலும் அகாடமி ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். செலவை அரசு ஈடுகட்டும். ஆனால் செய்த சேவைக்கு ஊதியம் எதுவும் கிடையாது. இன்றும் அங்கே ஆய்வுக் குழுக்களில் அமர்பவர்கள் பொதுவாகச் சம்பளமின்றித்தான் உழைக்கிறார்கள். யாருக்கு எந்த நிறுவனத்தோடு பணத் தொடர்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எழுதிய அறிக்கையைக் குழுவில் இல்லாத வேறு வல்லுநர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். பணம் கொடுத்த அரசுத் துறைக்கு அறிக்கையின் முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது. அகாடமி என்ற பெயர்ப்பலகையை எவரும் மாட்டிக்கொள்ளலாம்; அதன் சொல்லுக்கு எடை சேர்ப்பவை சலிப்பூட்டும் இந்த நடைமுறைகள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பிரிட்டனின் அரச பொறியியல் அகாடமியுடையது. 2015 டிசம்பர் 5 அன்று டெஸ்மண்ட் புயலின் பெருமழையில், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஸ்டர் நகரின் முக்கியத் துணைமின்நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஏறத்தாழ 61,000 வீடுகளும் கட்டடங்களும் இருளில் மூழ்கின. பெரிய அழிவு என்று சொல்ல முடியாது. சில நாள்களில் மின்சாரம் திரும்பிவிட்டது. விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு அது பெரிய நிகழ்வும் அல்ல. ஆனால் அகாடமி, அங்குள்ள பல்கலைக்கழகத்தோடும் மின்பொறியாளர் அமைப்போடும் சேர்ந்து, அந்த நாள்களில் ஒரு நவீன நகரத்துக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று விசாரித்து 2016இல் அறிக்கை வெளியிட்டது.

அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. மின்சாரம் நின்ற சிறிது நேரத்தில் கைபேசிக் கோபுரங்கள் பலவும் செயலிழந்தன. இணையம் இல்லை, வீட்டுத் தொலைபேசிகளிலும் கம்பியில்லாக் கருவிகள் வேலை செய்யவில்லை. மின்சாரம் எப்போது வரும் என்பதை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அதிகாரிகள் தயாராக இருந்தாலும், பார்க்க மக்களிடம் வழி இல்லை. பணம் எடுக்கும் இயந்திரங்களும் கடைகளின் கட்டண முறைகளும் நின்றுபோயின. உயரமான கட்டடங்களில் மின்தூக்கியும் ஓடவில்லை, சில இடங்களில் பம்பு நின்றதால் தண்ணீரும் ஏறவில்லை. பேட்டரி வானொலி வைத்திருந்தவர்களுக்கு உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று துணையாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே மின்தடை ஏற்பட்டிருந்தால் பாதிப்பு குறைவாக இருந்திருக்கும் என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது. ஒவ்வொரு அமைப்பும் தன் பங்குக்கு நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. அவை ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருந்தன என்பதைக் கணக்கிட வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

கட்டடங்களின் மின், இயந்திரப் பணிகளில் என் வேலைநாள்களைக் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு நன்கு பழக்கமானது. கூட்டங்களில் மின்சாரப் பிரிவினர் தங்கள் மாற்று மின்னாக்கி எவ்வளவு நேரம் தாங்கும் என்பார்கள். குழாய்ப் பிரிவினர் மாடித் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பார்கள். இரண்டும் தீர்ந்த பிறகு இருபதாவது மாடியில் இருக்கும் முதியவர் என்ன செய்வார் என்பது எவருடைய ஒப்பந்தத்திலும் இருக்காது. சிங்கப்பூரில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் வாழ்கிறோம். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் மின்னுற்பத்தியில் ஏற்பட்ட கோளாறால் 146,000க்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. 38 நிமிடங்களில் அனைவருக்கும் திரும்பியது. பாராட்ட வேண்டிய வேகம் அது. அதே கோளாறு ஒரு வேலைநாள் மாலையில் நேர்ந்து, 38 நிமிடங்கள் 38 மணி நேரமாக நீண்டால் எது முதலில் நிற்கும், எது அதனால் நிற்கும் என்பதைப் பொதுமக்கள் படிக்கும்படி எழுதிவைத்த ஓர் அறிக்கையை நான் விரும்புகிறேன்.

நம் நாட்டில் ஆணையங்களும் கழகங்களும் திறமையான பொறியாளர்களால் நிறைந்திருக்கின்றனவே, தனியாக ஓர் அகாடமி எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தண்ணீருக்கு ஒரு கழகமும், நிலப் போக்குவரத்துக்கு ஓர் ஆணையமும், எரிசக்திக்கு வேறோர் ஆணையமும் இருக்கின்றன; ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஆழமாக அறிந்திருக்கிறது. ஆனால் இணையச் சேவைகளுக்கான கணினிகள் குவிந்திருக்கும் தரவு மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அவை நாட்டின் மின்சாரத்தில் 7 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. குளிர்விப்பதற்குத் தண்ணீரும் வேண்டும், நிலமும் வேண்டும். 2019 முதல் சில ஆண்டுகள் புதிய மையங்களுக்கான அனுமதியை அரசு நிறுத்திவைத்ததும் இதனால்தான். இது எந்த ஒரு துறையின் கேள்வியும் அன்று.

சுத்திகரித்த கழிவுநீரான புதுநீரின் வரலாறு என் வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. 1970களில் கழிவுநீரைச் சுத்திகரிக்க இங்கே ஒரு முன்னோட்ட ஆலை அமைத்து, செலவும் நம்பகத்தன்மையும் ஒத்துவராமல் அதைக் கைவிட்டார்கள். நுண்ணிய சவ்வுகளால் நீரை வடிகட்டும் தொழில்நுட்பம் முதிர்ந்த பிறகு 2000ஆம் ஆண்டில் பிடோக்கில் மாதிரி ஆலை எழுந்தபோது, அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. தன் பொறியாளர்களின் சொல்லை மட்டும் நம்பும்படி மக்களைக் கேட்காமல், பொறியியல், நீர் வேதியியல், நச்சியல் எனப் பல துறைகளைச் சேர்ந்த உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர் குழு ஒன்றிடம் சோதனை முடிவுகளை ஒப்படைத்தது. நீர் பாதுகாப்பானது என்று 2002இல் அக்குழு உறுதிசெய்தது. அவ்வாண்டுத் தேசிய தினக் கொண்டாட்டத்தில் பிரதமர் கோ சோக் டோங்குடன் ஏறத்தாழ 60,000 பேர் புதுநீரைப் பருகினார்கள். அந்த மிடறுக்குப் பின்னால் விளம்பரத்தைவிட அந்தக் குழுவின் கையொப்பங்களுக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் அத்தகைய குழுக்கள் ஒரு கேள்விக்காகக் கூடிப் பின்னர் கலைந்துவிடுகின்றன. கேட்கப்படாத கேள்வியை எழுப்பும் உரிமை அவற்றுக்குக் கிடையாது.

சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகம் 1966இல் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியும். அதன் அரவணைப்பில் நமக்கும் ஒரு பொறியியல் அகாடமி உருவாகியிருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று சொல்ல இயலாது. அதில் தகுதிவாய்ந்தோர் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல் நம் நாட்டின் அளவில் இருக்கிறது. மூத்த பொறியாளர் என்று இங்கே நீங்கள் யாரைச் சுட்டினாலும், அவர் அரசில் பணியாற்றியவராகவோ, அரசின் ஒப்பந்தம் பெறும் ஆலோசனை நிறுவனத்தை நடத்துபவராகவோ, அரசு நிதியில் ஆராயும் பேராசிரியராகவோ இருப்பார். கோவில் நிர்வாகக் கூட்டத்தில் சம்பந்தியின் கணக்கைக் கேள்வி கேட்பது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதுதான் அவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்பதும். ஆகவே தனிமனிதர்களின் துணிச்சலை நம்பியிராமல், நான் மேலே சொன்ன சலிப்பூட்டும் நடைமுறைகளை எழுத்தில் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு தலைப்பையாவது அகாடமி தானே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கான நிதி ஒரு நிரந்தர அறக்கட்டளையிலிருந்து வரட்டும். வெளிநாட்டு அகாடமிகளின் உறுப்பினர்கள் அறிக்கையைச் சரிபார்க்கட்டும். 1978 முதல் இந்த அகாடமிகளுக்கிடையே ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு இருக்கிறது.

உறுப்பினர் தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிக்கல் நெடுஞ்சாலையில் கருவிகள் காட்டிய அளவுகளை நாள்தோறும் பார்த்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பயின்று, முப்பது ஆண்டுகள் தண்டவாளத்தையோ கொதிகலனையோ பராமரித்தவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லையென்றால், அகாடமியின் அறிவு அரைகுறையாகவே இருக்கும்.

இது ஏன் இப்போது அவசரம்? 1960இல் ஐக்கிய நாட்டுக் குழுவோடு டச்சுப் பொருளியல் வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸ் இங்கே வந்தபோது, நமக்குத் தேவைப்பட்ட தொழில்நுட்பம் எல்லாம் உலகில் எங்கோ இருந்தது. ஆளை அழைத்து, இயந்திரத்தை வாங்கி, ஜூரோங் சதுப்பில் நிறுத்தினால் போதும் என்ற நிலை. இனி வருபவை அப்படிப்பட்டவை அல்ல. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நம் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று நம் பருவநிலை ஆய்வு கணித்திருக்கிறது. கரைகளைக் காக்க நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி வரை தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். நூறாண்டுத் திட்டத்தைக் கண்காணிக்க, அதிகாரிகளின் பணிக்காலத்தைத் தாண்டி நீடிக்கும் ஓர் அமைப்பின் நினைவாற்றல் வேண்டும்.

அணுமின்சாரமும் அப்படித்தான். அப்போதிருந்த அணுமின் தொழில்நுட்பங்கள் நமக்கு ஏற்றவை அல்ல என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. சிறிய அணுவுலைகள் பற்றிய பேச்சு வளர்ந்த பிறகு, 2024 ஜூலையில் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அணுவுலை அமைப்பதென்று முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று அரசு சொல்லிவருகிறது. முடிவெடுக்கும் முன்பே அகாடமி இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பேன். பக்கத்து நாடு ஒன்றில் உலை வந்து விபத்து நேர்ந்தால் காற்று எந்தப் பக்கம் வீசும், எரிந்த எரிபொருளை இச்சிறு தீவில் எங்கே வைப்பது, உலையைக் கண்காணிக்கும் திறனுடையவர்களை எத்தனை ஆண்டுகளில் உருவாக்க முடியும் என்பனவற்றுக்குத் தெரிந்தவரை விடையும், தெரியாதவற்றைத் தெரியாது என்றே சொல்லும் நேர்மையும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். அதன் பொதுமக்கள் பதிப்பு நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரே நாளில் வர வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் தமிழ் முரசு நாளிதழ் வாசிக்கும் நம் பெரியவர்களுக்கு இந்த முடிவில் உள்ள பங்கு, ஆங்கிலம் படித்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று. தமிழ்ப் பதிப்பைச் சரிபார்க்க ஆள் தேடவேண்டிய தேவை இருக்காது. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் தமிழாசிரியர்களும் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே பலர் இருக்கிறீர்கள், நானும் வருகிறேன்.