பொம்மைப் புத்தகம்தான், அதனால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை நம் வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப்போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். தன்வரலாறுகள் பட்டியலில் ‘மௌஸ்’ என்ற படக்கதைப் புத்தகத்தைச் சேர்க்கச் சொன்னேன். “பொம்மைப் புத்தகத்தையெல்லாம் பிள்ளைங்க அலமாரில வைங்க தம்பி” என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

சரி, பொம்மைப் புத்தகம்தான். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் தன் அப்பா விளாடெக் உயிர்பிழைத்த கதையை, யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்து சொன்னார் ஆர்ட் ஸ்பீகல்மன். 13 வருட உழைப்பு. 1992இல் அமெரிக்காவின் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தவர்களுக்குப் பிள்ளைகள் அலமாரி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை போல, பாவம்.

அதில் ஓர் இடம். முகாம் வாசலில் வாத்தியக் குழு வாசித்தது ஆவணங்களில் இருக்கிறது. மகன் அதைப் பற்றிக் கேட்கிறான். அணிவகுத்து நடந்ததுதான் ஞாபகம், வாத்தியமெல்லாம் இல்லை என்கிறார் அப்பா. முதல் படக்கட்டத்தில் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. அவர் மறுத்த பிறகு வரும் கட்டத்தில், நடந்துபோகும் கைதிகள் அதை மறைத்துவிடுகிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் வாத்தியங்களின் நுனி மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. அப்பா சொன்னதையும் வரைந்தாயிற்று, ஆவணத்தையும் அழிக்கவில்லை. உரைநடையில் இதற்கு எத்தனை அடிக்குறிப்பு போடுவீர்கள் ஐயா?

“அரை மணியில் முடிகிற புத்தகம்” என்பார்கள். அரை மணியில் முடித்தால் நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. “விலை அதிகம்” என்றால் வாயை மூடிக்கொள்கிறேன், உண்மைதான். “படம் போட்டால் கற்பனை செத்துவிடும்” என்பவர்கள் மர்ஜான் சத்ரபி தன் ஈரான் சிறுவயதைப் படக்கதையாகச் சொன்ன ‘பெர்செபோலிஸ்’ஸைப் புரட்டுங்கள். ஏவுகணை விழுந்த பக்கத்து வீட்டு இடிபாட்டில் தோழியின் காப்பைப் பார்க்கிறாள் சிறுமி. கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். கடைசிக் கட்டம் முழுக்கக் கறுப்பு. அங்கே எந்தப் படம் உங்கள் கற்பனையைக் கொன்றது?

ஏழாம் வகுப்பில் என்னிடம் நாற்பது முத்து காமிக்ஸ் இருந்தன, பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அரையாண்டில் கணக்கு 31 மார்க். அப்பா எதுவும் பேசவில்லை. வெந்நீர் அடுப்பில் இரண்டிரண்டாகப் போட்டார். இரும்புக்கை மாயாவி அட்டை ஓரத்திலிருந்து சுருண்டு எரிந்தது. அந்த வெந்நீரில்தான் அன்று குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

இறந்த மனைவியின் நாட்குறிப்புகளை எரித்துவிட்டதாக விளாடெக் சொல்லும் இடத்தில் ‘மௌஸ்’ முதல் பாகம் முடியும். மகன் அவரைக் கொலைகாரர் என்பான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது. ‘அதையும் உன் காமிக்ஸையும் ஒப்பிடுகிறாயா’ என்று கமெண்டில் வருவீர்கள். ஒப்பிடவில்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது, அவரைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் அந்த அடுப்புதான் வருகிறது, அதுவும் கட்டம் கட்டமாக. எனக்கோ ஒரு கோடு நேராக வராது.

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் ‘தம்பி’ என்று சிரித்தபடி சொன்னால் வாய் அடைத்துப்போகிறது. பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு டீ சொல்ல வேறு ஆளைப் பாருங்கள்.