ரசிகனா, கிளப்பின் கணக்குப்பிள்ளையா?

2025 பிப்ரவரி 4ஆம் தேதி அதிகாலை 4:30 மணிக்கு, வியாசர்பாடியில் எங்கள் வீட்டு வாசற்படியில் நான் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். லண்டனில் அப்போது 3ஆம் தேதி இரவு 11 மணி, அதாவது கால்பந்துக் கிளப்புகள் ஆள் வாங்கி விற்பதற்கான குளிர்காலக் கெடு, டிரான்ஸ்ஃபர் விண்டோ, மூடப்படும் நேரம். காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பிய எதிர்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யார் வீட்லயாவது துக்கமா தம்பி?" என்று கேட்டார். நான் ஆதரிக்கும் லண்டன் கிளப்பான ஆர்சனல், கோல் போடுவதற்கென்று ஒரு ஸ்ட்ரைக்கரைக்கூட வாங்கவில்லை என்பதை அந்நேரத்தில் அவருக்கு எப்படி விளக்குவது? ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

கிளப்பின் மீது அன்றைக்கு வந்த கோபம் தானாகவே ஆறியிருக்கும். இருபது ஆண்டுகளாக அந்தக் கோபம் வருவதும் ஆறுவதும் எனக்குப் பழகிவிட்டது. ஆறாமல் இருப்பது, என்னோடு அதே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜீவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள டீக்கடையில் மூன்றரை வாரமாக எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் என் கூட்டாளிகளின் மீதான கோபம்தான். ஆளை வாங்காமல் விட்டது பிழையல்ல, அது ஒழுக்கம், நிதானம், தொலைநோக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, கையிலிருக்கும் டீ ஆறிப்போகிறது, எனக்கு மட்டும் சூடு ஏறுகிறது.

2025 பிப்ரவரி முடிகிற இந்த நேரத்து நிலவரத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் என்கெட்டியா என்ற ஸ்ட்ரைக்கரைக் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். அவருடைய இடத்துக்கு ஒரு சென்டர் ஃபார்வர்டை வாங்காமல், செல்சியிலிருந்து ஸ்டெர்லிங்கை லோனில், அதாவது ஒரு பருவத்துக்கு இரவலாக, அழைத்து வந்தார்கள். டிசம்பர் 21 அன்று முன்வரிசை வீரர் சாக்காவின் தொடைத்தசை கிழிந்தது. ஜனவரி 12 அன்று, எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெடோடு ஆடும்போது ஸ்ட்ரைக்கர் கேப்ரியல் ஜேசுஸின் முழங்கால் போனது. அந்தக் காயத்தோடு அவர் இந்தப் பருவத்தில் திரும்பப் போவதில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. விண்டோ மூட அன்றைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம்! கடைசியில் ஆஸ்டன் வில்லாவிடம் போய் அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் வாட்கின்ஸைக் கேட்டார்கள். அவர்களோ அதே நாட்களில் தங்களுடைய இன்னொரு ஸ்ட்ரைக்கர் துரானைச் சவூதியின் அல் நாசருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு ஸ்ட்ரைக்கரையும் எந்தக் கிளப் அனுப்பிவைக்கும்? மறுத்துவிட்டார்கள். அத்தோடு நம் ஆட்கள் கடையைக் கட்டிவிட்டார்கள்.

விண்டோ மூடி இரண்டாம் நாள் நியூகாசிலில் எங்கள் முன்வரிசை வீரர் மார்ட்டினெல்லி நொண்டிக்கொண்டே வெளியேறினார். பத்து நாள் ஆனதோ இல்லையோ, துபாய்ப் பயிற்சி முகாமில், மிச்சமிருந்த ஒரே ஸ்ட்ரைக்கரான ஹாவர்ட்ஸின் தொடையும் போயிற்று. லெஸ்டரில் நடுக்கள வீரரான மெரினோவை முன்னால் அனுப்பினார்கள், இரண்டு கோல் போட்டார். அந்த ஒரு ராத்திரி எங்கள் கடையில் திருவிழா. அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமிடம் 0-1. நேற்று அதிகாலை நாட்டிங்ஹாமில் 0-0. லீக் பட்டியலில் லிவர்பூல் இப்போது 13 புள்ளி முன்னால் இருக்கிறது, ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னாலும் ஆறுதல் கிடைக்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறான். பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்கிறான், நல்ல பையன், என் வீட்டில் கைநனைத்தவன். இவன்தான் முதலில் ஆரம்பித்தான். "அண்ணே, பி.எஸ்.ஆர். இருக்குண்ணே, நீங்க பாட்டுக்கு வாங்கு வாங்குன்னா எப்படிண்ணே?" மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று 2025இல் நடப்பிலிருந்த பிரீமியர் லீக் நிதி விதிதான் பி.எஸ்.ஆர்., அது எனக்கும் தெரியும். அதை மீறியதற்காக எவர்டனுக்குப் புள்ளி வெட்டினார்கள், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி வெட்டினார்கள் என்பதும் தெரியும். வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கெழுதுவார்கள், செல்சி எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு அதில் விளையாடியதால் ஐந்து ஆண்டு என்று வரம்பு கட்டினார்கள் என்பதையெல்லாம் இந்தத் தம்பியே எனக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறான், அதுவும் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில்.

என் கேள்வி அதுவல்ல. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குக் கிளப் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. எனக்கும் உனக்கும் அங்கே என்ன வேலை? நடுராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து, சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு கோலுக்குக் கத்துகிறவர்கள் நாம். நம்முடைய உரிமை என்று ஒன்று இருந்தால் அது ஆசைப்படுவதும் ஏமாறுவதும் திட்டுவதும்தான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு முதலாளியின் கல்லாப்பெட்டிக்குக் காவல் உட்கார்ந்தால், உனக்குப் போனஸா கொடுக்கப் போகிறார்கள்? சாக்கா இல்லாமல் 17 வயது நுவானெரியை வாராவாரம் ஓடவிடுகிறார்களே என்று பதறாமல், சம்பளப் பட்டியலில் இடம் மிச்சமிருக்கிறது என்று ஒருவன் நிம்மதி கொள்வானேயானால் அவனை ரசிகன் என்று எந்த வாயால் அழைப்பது?

இவர்கள் கால்பந்து தெரியாதவர்கள் என்றால் நான் இவ்வளவு எரிச்சல்பட மாட்டேன். முல்லை நகர் மைதானத்தின் புழுதியில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்கள், தனபால் கணேஷை ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் வரைக்கும் அனுப்பிய வியாசர்பாடிக்காரர்கள். இதே தம்பி எங்கள் தெரு அணிக்கு மேனேஜர். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில், காலிறுதி முடிகிற நேரத்தில், எங்கள் சென்டர் ஃபார்வர்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அரையிறுதி மதியம் மூன்று மணிக்கு. காலில் வைத்த ஐஸ் கரைவதற்குள் தம்பி புளியந்தோப்புக்குப் போன் போட்டுவிட்டான். அங்கிருந்து வந்த பையன் எங்களோடு அதற்கு முன் ஒருநாளும் ஆடியவனல்ல, எங்கள் ஆட்டமுறையும் அவனுக்குத் தெரியாது. பிரியாணியும் 500 ரூபாயும் என்று பேசி முடித்து, இரண்டு சக்கர வண்டியின் பின்னால் உட்கார வைத்துத் தம்பியே அழைத்து வந்தான். அந்த 500 ரூபாயில் என் பங்கு 100. அன்றைக்கு அவன், "இந்த விண்டோவில் விலை அதிகம், கோடையில் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் தடுத்தாடுகிற ஸ்டாப்பர் பேக்கை முன்னால் விடுவோம்" என்று சொல்லவில்லை. கோல் போட ஆள் இல்லையென்றால் ஆளைக் கொண்டுவர வேண்டும் என்பது அவனுக்கு ரத்தத்திலேயே தெரியும். லண்டன் என்றதும் மட்டும் அந்த ரத்தம் எங்கே போய்விடுகிறது?

"ஹாவர்ட்ஸுக்கும் மார்ட்டினெல்லிக்கும் அடிபடும் என்று யார் கண்டார்கள்?" என்பது அடுத்த வாதம். இதைச் சொன்னவர் கணேசபுரம் சுரங்கப்பாதையை ஒட்டிக் குடியிருக்கும் அண்ணன். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தப் பாதையில் தண்ணீர் நின்று போக்குவரத்து சுற்றிப் போவதையும், ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நடந்ததைப்போல எல்லோரும் திகைப்பதையும் அவரைக் காட்டிலும் கண்டவர் இல்லை. மழை எந்தத் தேதியில் கொட்டும் என்று தெரியாதுதான், கொட்டும் என்று தெரியாதா? வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று ஆகஸ்டிலிருந்து ஓடவிட்டால், மிச்சமிருக்கும் ஒரே ஸ்ட்ரைக்கரின் தசை எத்தனை நாள் தாங்கும்?

நியாயமாகவும் பேச வேண்டும். ஜனவரியில் வாங்குவதெல்லாம் பொன்னல்ல. 2014 ஜனவரி 31 அன்று, லீக் பட்டப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஆர்சனல், கடைசி நாளில் முதுகெலும்பு அடிபட்ட நிலையிலேயே ஷெல்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரரை லோனில் எடுத்தது. ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று உலகமே கத்தியபோது, உடனே ஆட முடியாத நடுக்கள வீரரைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பருவத்தில் 128 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு நான்காவதாக முடித்தோம். (விகன் அணிக்கெதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் பெனால்டி ஷூட் அவுட்டில் அந்த மனிதர் ஒன்றை அடித்துக் கொடுத்தார் என்பதால் அவரை நான் திட்டுவதில்லை.) செல்சி 2023 ஜனவரியில் என்ஸோ என்ற வீரர் ஒருவருக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டிவிட்டு 12ஆம் இடத்தில் போய் நின்றது. அதே மாதம் நமக்குக் கிடைக்காமல் அங்கே போன முட்ரிக் என்ற வீரரை நினைத்து அன்றைக்கு நான் அழாத குறை; இன்றைக்கு அந்தப் பேச்சை எடுத்தால் கூட்டாளிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆனால் முட்ரிக் கிடைக்காத அந்த ஜனவரியில்தான் பிரைட்டனிலிருந்து ட்ரோசார் வந்தார், செல்சியிலிருந்து ஜோர்ஜினியோ வந்தார், இருவரும் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தார்கள் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2009இல் பனி கொட்டியதால், நம் கிளப்புக்கு வருவது கெடு தாண்டி ஒரு நாள் தாமதமாக அறிவிக்கப்பட்ட ஆர்ஷாவின், ஏப்ரலில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக ஒற்றை ஆளாக 4 கோல் போட்டு 4-4 ஆக்கிய இரவை, இந்தக் கடை வாசலில் நின்று கொண்டாடியவர்கள் இவர்கள்தானே? லிவர்பூல் 2018 ஜனவரியில் தன் நட்சத்திரம் கவுதினியோவை விற்றுக்கொண்டிருந்த அதே மாதத்தில் 7.5 கோடி பவுண்டுக்குத் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கைத் தூக்கியதை, அதற்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையும் லீக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனதை, ஜனவரியில் எதுவும் நடக்காது என்கிறவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஆறாத புண் 2022தான். எங்கள் ஸ்ட்ரைக்கர் ஆபமெயாங்கை அந்த ஜனவரியின் முடிவில் பார்சிலோனாவுக்கு இனாமாக அனுப்பிவிட்டு, வேறு ஸ்ட்ரைக்கரை எடுக்காமல் மீதிப் பருவத்தை ஓட்டினார்கள். டாட்டன்ஹாமைவிட 2 புள்ளி குறைவாக ஐந்தாவது வந்து சாம்பியன்ஸ் லீக்கை இழந்தோம். டாட்டன்ஹாமைவிட! அப்போதும் இந்தக் கடையில் "நிதானம்" என்றார்கள், மூன்று ஆண்டு கழித்து அதே பெஞ்சில் உட்கார்ந்து அதையே சொல்கிறார்கள். 2004க்குப் பிறகு லீக் கோப்பையைப் பார்க்காதவனிடம் நிதானத்தைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இந்த ஜனவரியில் லிவர்பூலும் யாரையும் வாங்கவில்லையே என்று மடக்குகிறார்கள். உண்மை, வாங்கவில்லை. சலா, காக்போ, டியாஸ், நூன்யெஸ், ஜோட்டா, கியேசா என்று ஆறு பேர் முன்னால் இருப்பவனுக்கு ஏன் வாங்க வேண்டும்? நிறைந்த வீட்டில் உலை வைக்கத் தாமதமானால் அதற்குப் பெயர் நிதானம். அரிசிப்பானை காலியான வீட்டில் அதையே செய்துவிட்டு அடுத்த வீட்டைக் கைகாட்டினால் அதற்குப் பெயர் வேறு.

எதிர்வீட்டு அக்காவிடம் இரண்டு நாள் கழித்து விஷயத்தை விளக்கினேன். ஏலம் என்று சொன்னால்தான் அவருக்குப் புரியும் என்பதால் அப்படியே சொன்னேன்: கடைசி நேரத்தில் போனார்கள், கேட்ட மீனைத் தர மாட்டேன் என்றுவிட்டான், மற்றதெல்லாம் விலை அதிகம் என்று திரும்பிவிட்டார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. "வஞ்சிரம் கெடைக்கலன்னா சங்கராவ எடுக்கணும், அதுவும் இல்லன்னா காரப்பொடிய அள்ளிட்டு வரணும். வெறுங்கூடையோட வந்து ஊட்ல குந்திக்கினா அன்னிக்கு இன்னா யாவாரம்?" ட்ரோசார் என்ற சங்கராவை எடுத்து வந்த ஆண்டையும், வஞ்சிரத்தை மட்டுமே கேட்டுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிய இந்த ஆண்டையும் இதைவிடத் தெளிவாக ஒப்பிட்டுச் சொன்னவர் நான் பார்த்தவரையில் எவருமில்லை. இதைக் கடையில் போய்ச் சொன்னேன். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீனுக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது, ஆகவே ஒப்பீடு செல்லாது என்றான். டீ மாஸ்டர் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

வரும் புதன்கிழமை அதிகாலை 1:30 மணிக்கு ஐந்தோவனில் பி.எஸ்.வி.யோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். முன்னால் மறுபடியும் மெரினோதான் நிற்பார். என் வீட்டில் குழந்தை தூங்குவதால் தம்பியின் வீட்டு மொட்டை மாடியில்தான் வழக்கம்போலப் பார்க்க வேண்டும், பிளாஸ்க்கில் டீ எடுத்துப் போவது என் முறை. சர்க்கரை போடாமல் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கேட்டால், செலவைக் கட்டுப்படுத்துகிறேன், கோடையில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வேன்.