சம்மன் வந்தால் சம்பளத்தோடு லீவா? அப்படியில்லை
"கோர்ட் சம்மன் வந்தால் ஜூரி லீவு மாதிரி எந்தக் கம்பெனியும் சம்பளத்தோடு விடணும், அது சட்டம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி வேலைக்கு மட்டம் போடாதீர்கள். நம் ஊர் குற்ற வழக்குகளில் ஜூரி முறை (பொதுமக்களில் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்து தீர்ப்புக் கேட்பது) 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. ஜூரி லீவு அமெரிக்கக் கதை. அங்கேயும் தனியார் முதலாளி சம்பளம் தரணும் என்று மத்தியச் சட்டம் சொல்வதில்லை.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்லை தாண்டி கோவைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பாலக்காடு கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனபோது எனக்கு அன்றைய கூலி போனது. மில்லில் கேட்டதற்கு "லீவு இருந்தால் கழித்துக்கொள்" என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி தப்பில்லை என்று பிறகுதான் புரிந்தது. தனியாரில் கம்பெனி விதியோ ஒப்பந்தமோ எழுதியிருந்தால்தான் சம்பளம். அரசு ஊழியர் அரசுத் தரப்புச் சாட்சியாகப் போனால் கதை வேறு.

ஆனால் சம்மனை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள், வாரண்ட் வரலாம். சிவில் வழக்கென்றால் உங்களைக் கூப்பிட்டவரே சாட்சிப் படியை (வந்துபோகும் செலவுப் பணத்தை) கோர்ட்டில் கட்டவேண்டும். குற்ற வழக்கில் படிக்கு உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, வாய்விட்டுக் கேளுங்கள். அப்புறம், வந்துபோனதற்கு ஒரு சான்றும் கேட்டு வாங்கி மேனேஜரிடம் கொடுங்கள்.