'செட்' முந்தித்தான் முதலாவது

தம்பி, "ஆங்கிலத்தில ஆகக்கூட அர்த்தம் உள்ள சொல் செட், 430 அர்த்தம்" எண்டு போட்டிருக்கிறீங்க. அது 1989இல வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதி இரண்டாம் பதிப்புக் கணக்கு. பிறகு திருத்தி எழுதக்குள்ள 'ரன்' முந்திட்டு, வினையா மட்டும் 645. அதுக்குள்ள வழக்கொழிஞ்சதும் சின்னச் சின்னப் பிரிவும் சேர்த்தி. ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளைப் பாடமாக்கச் சொல்லி வெருட்டாதீங்க!

கல்முனை பஸ் ஓடுறது, தடிமனுக்கு மூக்கு ஓடுறது, கடை நடத்துறது, தேர்தல்ல நிக்கிறது எல்லாம் அவங்களுக்கு 'ரன்' தான். நம்மட 'ஓடு' மட்டும் லேசா? படம் ஓடுது, பரீட்சை மண்டபத்தில ஒண்டும் ஓடுதில்ல, கூரையில கிடக்கிறதும் ஓடு.

செட்டை மட்டக்களப்பில நாமளும் வளர்த்திட்டம்: கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட், "அவன் நம்மட செட்". நம்மட தமிழ்ப் பேச்சில வாற செட்டை ஒக்ஸ்போர்ட் எண்ணாது.